ஆற்றில் இறங்க யாரைக் கேட்க வேண்டும்?

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பாபநாசம். பொதிகையில் பிறந்த தாமிரபரணி மலையை விட்டுத் தரைக்கு வரும் இடம் அது. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மேலே போகலாம். மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. வழி நெடுகப் பாறைகளுக்கு நடுவே ஆறு தானே குடைந்து வைத்த குளங்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகள் கும்மாளமிடும் இடங்களும் உண்டு. ஆழம் தெரியாத கசங்களும் உண்டு.

சுற்றுலாப் பக்கத்துச் செய்திக்கு இந்தப் பத்தியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தண்ணீருக்காக நாம் நடத்திய போராட்டங்களைக் குடிநீர்ப் போராட்டங்களாகவே பேசிப் பழகிவிட்டோம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் ஊர் கொஞ்சம் இரங்கும். நம் வீட்டுப் பிள்ளை கிணற்றில் குதித்து நீந்தினால் அந்த இரக்கம் இருக்காது. 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டம் வாகடி கிராமத்தில், கிணற்றில் நீந்தியதற்காக தலித் சிறுவர்கள் இருவரை ஆடையில்லாமல் ஊர்வலமாக நடத்தி அடித்தார்கள். தண்ணீரில் மகிழ்ச்சியாக இருப்பதும் உரிமைதான். அதைப் பேச இந்த ஆற்றங்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

படித்துறையில் கிடக்கும் துணிகள்

நடையைப் பாபநாசநாதர் கோயில் முன்னால் உள்ள படித்துறையில் தொடங்கலாம். பாவம் போக்கும் இடம் என்று பெயர் பெற்ற ஊர். முழுகி எழுகிறவர்களில் பலர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆனால் துணி எங்கும் போவதில்லை. பாறையிடுக்கில் சிக்கி, மட்கி, மீனுக்கும் குளிப்பவருக்கும் கேடாகிறது. அதை அள்ளி எடுப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். தமிழகத்தில் அந்தப் பணியில் இருப்போரில் மிகப் பெரும்பாலானவர்கள் தலித்துகள், அவர்களிலும் அருந்ததியர் மிகுதி. ஒருவர் கழித்த பாவத்தை இன்னொருவர் தலையில் ஏற்றும் ஏற்பாடு இது. நீங்கள் போகும்போது ஒரு நூல்கூட ஆற்றில் விடாமல் திரும்புங்கள்.

கல்யாண தீர்த்தம்

வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலைச்சாலையில் சில கிலோமீட்டர் போனால் அகஸ்தியர் அருவி. ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும் அருவி இது. அங்கிருந்து படியேறினால் கல்யாண தீர்த்தம். பாறைகள் சூழ்ந்த, பார்க்க அழகான, இறங்க ஆபத்தான நீர்நிலை.

1925 ஜூனில் இங்கேதான் வ.வே.சு. ஐயர் இறந்தார். தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் அவரும் மூழ்கினார். மாணவர்கள் இந்த இடத்தில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இதே ஆற்றின் கரையில், கீழே சேரன்மகாதேவியில், ஐயர் நடத்திவந்த குருகுலத்தில்தான் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்று நடந்த இடத்தில் இப்படி ஒரு பிரிவினையா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். அந்தச் சண்டை நடந்த நாட்களில்தான் இந்தச் சாவும் நேர்ந்தது. சக மாணவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கிய கேள்வியாக இருந்து நூறு ஆண்டுதான் ஆகிறது.

சொரிமுத்தையனார் கோயில்

காரையாறு அணைக்குப் போகும் அதே சாலையில், காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிறது சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் கூடும் இடம். மற்ற நாட்களில் ஆற்றின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். குளிக்க, கரையோரம் நடக்க, பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க ஏற்ற இடம்.

இங்கே பட்டவராயன் சன்னிதியில் நேர்ந்துகொண்டவர்கள் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். வேறு கோயில்களில் வாசலுக்கு வெளியே கழற்றி விடும் செருப்பு இங்கே சாமிக்கு உரிய பொருள். ஏன் என்பதற்கு விடை முத்துப்பட்டன் கதையில் இருக்கிறது. வில்லுப்பாட்டாக நெல்லைச் சீமை முழுவதும் பாடப்பட்ட கதை அது. பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்து ஆராய்ந்தார்.

பிராமணனான முத்துப்பட்டன் இந்த மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்கா தங்கையைக் கண்டு விரும்புகிறான். அவர்கள் அருந்ததியரான வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டு வந்தவனைப் பார்த்துத் தகப்பன் கைகட்டி நிற்கவில்லை, நிபந்தனை போடுகிறார். பூணூலை அறுக்க வேண்டும், குடுமியைக் களைய வேண்டும். செத்த மாட்டை உரிக்கவும் தோலைப் பதப்படுத்தவும் செருப்புத் தைக்கவும் கற்க வேண்டும். அவன் அத்தனையும் செய்கிறான், மணம் முடிகிறது. பிறகு மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போய், கள்ளரோடு சண்டையிட்டு உயிரை விடுகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். செருப்புத் தைத்த மாப்பிள்ளைதான் சாமியானான். அவனுக்குச் செருப்புத்தானே காணிக்கை?

இந்தக் கதையை அப்படியே விட்டுவைக்கச் சிலருக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் பாடியவர்கள், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று மாற்றினார்கள். சாமிக்குச் செருப்பு வேண்டும், செருப்புத் தைத்தவர் வீட்டில் பிறந்த பெண் வேண்டாம் என்ற கணக்கு! கோயிலில் நிற்கும்போது உங்களோடு வரும் தம்பி தங்கைகளுக்கு மாற்றாத கதையைச் சொல்லுங்கள்.

கீழே, நெல்லையில்

இதே தண்ணீர்தான் திருநெல்வேலிக்குப் போகிறது. 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், கூலி உயர்வு கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மீது காவல் துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்கள் கரையேற முடியவில்லை. கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் தலித்துகள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம். மேலே குளித்து மகிழும்போதும் அவர்களை மறக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொது வழி, கிணறு, குளம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தின் மீதான வழக்கு 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. அந்தப் போராட்டங்களின் பலன் இன்று சட்டமாக இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளத்தோடு 'குளிக்கும் துறை' என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், குளிக்கும் துறை, பாதை எனப் பட்டியலிட்டு, இவற்றைப் பயன்படுத்தவிடாமல் ஒரு தலித்தையோ பழங்குடியினரையோ தடுப்பது குற்றம் என்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்யாமல் கடமை தவறும் அதிகாரி மீதும் நடவடிக்கைக்கு இடமுண்டு. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. நோட்டில் குறித்து வையுங்கள்.

உங்கள் ஊர் ஆற்றில் சாதிக்கு ஒரு துறை என்ற வழக்கம் இன்னும் இருந்தால், அது வெறும் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் துறையில் யார் இறங்குகிறார்கள், யாரை எப்போது தடுத்தார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். புகாருக்கு அதுதான் முதல் ஆதாரம்.

போகும் முன்

இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதி. அனுமதி நேரம், கட்டணம், எந்த இடத்தில் குளிக்கலாம் என்பதைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு வேண்டாம். மேலே காரையாறு, சேர்வலாறு அணைகள் இருக்கின்றன. தண்ணீர் திறந்தாலோ மலையில் மழை பெய்தாலோ ஆறு சட்டென ஏறும். பாறை வழுக்கும். கசத்தில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவைத் தாண்ட வேண்டாம்.

பெண்பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், அவர்களும் நீந்தக் கற்கட்டும். நம் தாத்தாக்கள் கரையில் நின்று பார்த்த தண்ணீர் அது. இறங்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆழத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.