பதினாறில் இருக்கும் அந்த 1

“இருபத்தைந்து எழுதுங்க” என்று ஆசிரியர் சொன்னதும், ஒன்றாம் வகுப்பில் சில குழந்தைகள் 205 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று அதை அடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் குழந்தை காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது: இருபதுக்கு 20, ஐந்துக்கு 5. நம் முன்னோரும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰ என்று தனிக்குறி உண்டு. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினால் பத்து கண்ணுக்குத் தெரியும். இன்றைய 25-இல் அது தெரிவதில்லை. 2 நிற்கும் இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இது எவ்வளவு கடினம் என்பதைக் கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் கமி அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்த எளிய சோதனை காட்டியது. பதினாறு சில்லுகளை எண்ணவைத்து, 16 என்று எழுதி, அதில் 6 எத்தனை சில்லுகளைக் குறிக்கிறது என்று கேட்டால் குழந்தைகள் ஆறு சில்லுகளைக் காட்டினார்கள். 1 எத்தனை என்று கேட்டபோது பலர் ஒரே ஒரு சில்லைக் காட்டினார்கள். மீதி ஒன்பது சில்லுகள் எதிலும் சேராமல் கிடந்தன.

‘பத்துகள்’, ‘ஒன்றுகள்’ என்று கட்டம் போட்டு நிரப்பத் தெரிந்த குழந்தையும் இதில் தடுமாறும். காரணம், பத்துப் பொருள்களை ஒரே பொருளாகவும் பார்க்கும் பழக்கம் அதற்கு இன்னும் வரவில்லை.

அந்தப் பழக்கம் கை வேலையில்தான் வரும். ஈர்க்குச்சிகளைக் குவித்து வைத்து, பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல்ல வேண்டும். 34 குச்சிகள் என்றால் மூன்று கட்டுகள், நான்கு உதிரிகள். கட்டை அவிழ்த்தால் மறுபடியும் பத்துக் குச்சிகள்! கட்டுவதும் அவிழ்ப்பதும் குழந்தையின் வேலையாகவே இருக்க வேண்டும். ஆசிரியர் கட்டிக் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும்.

அடுத்த படி மணிகள். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையில் பொன்னிற மணிகள் உண்டு. தனி மணி 1. பத்து மணி கோத்த கம்பி 10. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் 100. இங்கே கட்டை அவிழ்க்க முடியாது. ஒரு கம்பியைக் கொடுத்துப் பத்து மணிகளை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரூபாய் நோட்டும் ஆணிமணிச்சட்டமும் அதற்குப் பிறகு வருவதே நல்லது. பத்து ரூபாய் நோட்டுக்குள் பத்து ஒரு ரூபாய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தில் பத்துகள் கம்பியில் உள்ள மணியும் ஒன்றுகள் கம்பியில் உள்ள மணியும் ஒரே அளவுதான். கட்டிப் பழகிய குழந்தைக்கு மட்டுமே அவை அர்த்தமாகும்.

இதன் பலன் கூட்டல் கழித்தலில் தெரியும். 27-உம் 15-உம் கூட்டும்போது “2 போட்டு, மனசுல 1” என்கிறோமே, அந்த 1 உண்மையில் பத்து. ஏழும் ஐந்தும் சேர்ந்ததில் உருவான புதுக் கட்டு. 32-இலிருந்து 15-ஐக் கழிக்க, இருக்கும் இரண்டு உதிரிகள் போதாது. ஒரு கட்டை அவிழ்த்தால் இரண்டு கட்டுகளும் பன்னிரண்டு உதிரிகளும் கிடைக்கும். அதில் ஒரு கட்டையும் ஐந்து உதிரிகளையும் எடுத்துவிட்டால் மிச்சம் 17. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று மனப்பாடமாகச் சொல்வதன் பொருள் இவ்வளவுதான். இது புரியாத குழந்தை, 2-இலிருந்து 5 போகாது என்பதால் 5-இலிருந்து 2-ஐக் கழித்து 23 என்று எழுதிவிடும்.

பெற்றோர் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பதினாறு புளியங்கொட்டைகளை எண்ணவைத்து, 16-இல் உள்ள 1 எத்தனை கொட்டை என்று கேளுங்கள். குழந்தை ஒன்றைக் காட்டினால் திட்டாதீர்கள். நூறு முறை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியும் நாலு ரப்பர் பேண்டும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.