காரைக்குடியில் சின்ன கான்ட்ராக்டர் நிற்பது எதனால்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீட்டைப் பழுதுபார்க்க ஆள் தேடினால், நாலைந்து கொத்தனார்களை வைத்துக்கொண்டு வேலை எடுக்கும் சின்ன கான்ட்ராக்டரைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். இயந்திரமும் வங்கிக் கடனும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு முன்னால் இவர் நிற்க முதல் காரணம், சுண்ணாம்பு.

இந்த வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. மேலே சிமென்ட் பூசினால் சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும்; சில மழைக்காலங்களில் பூச்சு பொருமி உதிரும். விஷயம் தெரிந்தவர் சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றிவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைப்பார். ஒவ்வொரு பூச்சும் இறுகும் பதம் பார்த்து அடுத்தது. மேலே போகப் போகச் சாந்து நைசாகும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேரும். ஈரம் முழுக்க இழுபடுவதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அந்த இடம் திட்டாகிவிடும்.

அப்படித் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள்தான் இவருடைய முதல். வேலையில்லாத மாதத்திலும் அட்வான்ஸ் கொடுத்து அவர்களைத் தக்கவைப்பவருக்கே அடுத்த வேலை வருகிறது.

இரண்டாவது, நம்பிக்கை. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். வாராவாரம் படம் அனுப்பி, கூலிக்கும் பொருளுக்கும் தனித்தனிக் கணக்குக் காட்டுபவரிடம் அடுத்த தவணைப் பணம் தாமதிக்காது. பெரிய முதலீடு இல்லாதவருக்கு இதுதான் உயிர்மூச்சு.

வரிக்குறைப்பு இவருக்குப் பெரிதாக உதவவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது, புது வீடு கட்டுபவருக்கு நல்ல செய்தி. சுண்ணாம்பு வேலையிலோ செலவில் பெரும்பங்கு கூலிதான்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பழைய வீடுகள் சில விடுதிகளாகி, இந்தக் கைவேலைக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. அரசு டெண்டரிலோ இன்னும் குறைந்த ரேட்டுக்குத்தான் முதல் மரியாதை. பழங்காலக் கட்டடங்களுக்கு டெண்டர் விடும்போதாவது, கான்ட்ராக்டர் முன்பு பூசிய சுவர் ஒன்றை, சில மழைக்காலம் கண்ட சுவராகப் பார்த்து, அதிகாரிகள் நேரில் போய் மதிப்பெண் போட வேண்டும். பழைய பில் தொகையை மட்டுமே அனுபவமாக எடுத்துக்கொண்டால், சுண்ணாம்பு தெரிந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.