வெக்கை நோய் ஒழிந்த கதை

மாட்டினத்தைப் பீடித்த நோய்களுள் மிகக் கொடியது வெக்கை நோய். கடுங்காய்ச்சல் காணும், கண்ணும் மூக்கும் நீர் வடிக்கும், வாய் புண்ணாகும், பின்னர் ஓயாத கழிச்சல். 1890களில் ஆபிரிக்காவிற் பரவியபோது பல இடங்களிற் பத்துக்கு எட்டு மாடுகளுக்கு மேல் மடிந்தன. மாட்டை நம்பி வாழ்ந்த மக்களும் பட்டினியால் மாண்டனர்.

அந்நோய் இன்று உலகில் இல்லை. 2011இல் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே, மற்றையது பெரியம்மை.

இஃது எவ்வாறு இயன்றது? ஒருமுறை நோயுற்றுப் பிழைத்த மாட்டை அக்கிருமி மீண்டும் பீடிப்பதில்லை. அதன் உடலில் ஒளிந்திருப்பதுமில்லை. 1960ஆம் ஆண்டளவில் வால்ட்டர் பிளவ்ரைட் என்பார் கென்யாவில் உருவாக்கிய தடுப்பு மருந்து, ஒரே ஊசியில் நெடுங்காலம் காப்பளித்தது. ஆயினும் அதனைக் குளிரிலே பேணவேண்டும். வறண்ட மேய்ச்சல் நிலத்திற் பனிக்கட்டிக்கு எங்கே போவது? வெப்பத்தைச் சில வாரங்கள் தாங்கும் மருந்து வந்தபின், மந்தை மேய்ப்போரையே பயிற்றி ஊசி போடச் செய்தனர். மந்தையில் நோயை முதலிற் காண்பவரும் அவரல்லவா?

இலங்கையில் நெடுங்காலம் தலைகாட்டாதிருந்த இந்நோய் 1987இல் மீண்டும் புகுந்தது. 1994க்குப் பின் இங்கு காணப்படவில்லை.

இறுதிக் கட்டமே இடர் மிக்கது. ஊசி போட்ட மாட்டின் குருதியும், நோயுற்றுத் தேறிய மாட்டின் குருதியும் சோதனையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால், நோய் இல்லையென உறுதிசெய்ய ஊசியையே நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2001இல் கென்யாவின் காட்டெருமைகளிற் கண்டதே கடைசி.