வக்கீலுக்குப் பணம் இல்லையா? கவலை வேண்டாம்!

மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி: எங்கே போவது? எப்படிக் கேட்பது?

கோர்ட்டு என்றால் செலவு. வக்கீல் என்றால் பீஸ். வழக்கு என்றால் அலைச்சல். இப்படி நினைத்துத்தான் பலர் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

உடலில் குறைபாடு உள்ளவர்கள் படும் பாடு இன்னும் பெரிது. நடக்க முடியாத பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் அரசு ஆபீஸ் மாடிப்படி ஏறுகிறாள். கண் தெரியாத சிறுமியை, "இங்கே இடம் இல்லை" என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். விபத்தில் கையை இழந்த அரசு ஊழியரிடம், "இனி வேலைக்கு வர வேண்டாம்" என்கிறார்கள்.

இவை எல்லாம் சட்டப்படி தவறு. தட்டிக் கேட்க வக்கீல் வேண்டுமா? அரசாங்கமே இலவசமாகத் தரும். இந்த விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டில் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19-ந் தேதி அமலுக்கு வந்தது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் இதில் அடங்குவார்கள்.

குறைபாட்டைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பொதுக் கட்டிடங்களில் சக்கர நாற்காலி போக வழி செய்ய வேண்டும். பழைய கட்டிடங்களையும் ஐந்து ஆண்டுக்குள் மாற்றவேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதற்கான விதிகள் 2017-ல் வெளிவந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50 ஆயிரத்துக்குக் குறையாது. 5 லட்சம் வரை போகலாம்.

இலவச வக்கீல் யாருக்கு?

ஏழைக்கு மட்டும்தான் இலவச வக்கீல் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் மாற்றுத்திறனாளிக்குத் தனி உரிமை கொடுத்திருக்கிறது. அவருடைய வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

வக்கீல் பீசை ஆணைக்குழு கொடுத்துவிடும். கோர்ட்டுக் கட்டணத்தையும் மனு தயாரிக்கும் செலவையும் அதுவே ஏற்கும்.

எங்கே போவது?

மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது. அதன் தலைவர் மாவட்ட நீதிபதி. தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு வழக்குகளுக்கும் தனிக் குழுக்கள் உண்டு.

அலைய முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் போதும். அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கோர்ட்டுக்குப் போகாமலே தீருமா?

பல குறைகள் தீரும். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவரிடம் நீங்களே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கவும், தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் செய்யும் சிபாரிசின் மீது என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அந்த ஆபீஸ் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ரயில்வே, தபால் ஆபீஸ் போன்ற மத்திய அரசு ஆபீஸ் என்றால், டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு எழுத வேண்டும்.

அரசு ஊழியருக்கு வேலையில் பாரபட்சம் காட்டினால், அந்த அலுவலகத்திலேயே குறைதீர்க்கும் அதிகாரி இருப்பார். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும்.

உள்ளூர்ப் பிரச்சினை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

போராடி வென்றவர்கள்

குணால் சிங் மத்தியப் படை ஒன்றில் கான்ஸ்டபிளாக இருந்தார். பணியில் காயம் பட்டு இடது காலை எடுக்க நேர்ந்தது. வேலைக்குத் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணியில் இருக்கும்போது ஊனம் அடைந்தவரை நீக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்பது சட்டம்.

கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் மூளை முடக்குவாதம் உள்ளவர். 2012-ல் கோவாவில் நடந்த மாநாட்டுக்குப் புறப்பட்டார். விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு, அவருக்கு 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி விமான நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

கண் பார்வை இல்லாத ராஜீவ் ரதூரி, சாலைகளும் கட்டிடங்களும் எல்லோருக்கும் உதவ வேண்டும் என்று 2005-ல் வழக்குப் போட்டார். 2024 நவம்பர் 8-ந் தேதி தீர்ப்பு வந்தது. "செய்தால் நல்லது" என்ற அளவில் இருக்கும் விதி போதாது, கட்டாய விதி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்கு மத்திய அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது.

மூன்று வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் நடந்தவைதான். ஆனால் அவர்கள் பெற்ற தீர்ப்புகளை இன்று நீங்கள் உங்கள் மனுவில் எடுத்துக் காட்டலாம்.

இதை மறக்க வேண்டாம்

எதையும் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால், "நீ எப்போது கேட்டாய்?" என்பார்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். படி, வாசல், கழிப்பறை இவற்றைப் படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்த தேதியையும், யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். வக்கீலுக்கு இவைதான் ஆயுதம்.

உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் இருப்பார். அடுத்த தெருவில் இருப்பார். அவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். 15100 என்ற எண்ணை ஒரு சீட்டில் எழிதி அவர் கையில் கொடுங்கள்.