கீழாநெல்லிக்கு நடந்த பரீட்சைகள்

லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 1988-இல் சென்னை ஆய்வு ஒன்று அச்சானது. ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட உடம்பில் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு, காயவைத்துப் பொடித்த கீழாநெல்லியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்திருந்தார்கள். மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் ரத்தத்தைச் சோதித்தபோது 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் தென்படவில்லை. நூற்றுக்கு 59 பேர் என்ற கணக்கு. மருந்தில்லாத வெறும் பொடியைச் சாப்பிட்ட 23 பேரில் அப்படி ஆனவர் ஒரே ஒருவர்.

காமாலை என்றால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுக்கும் ஊர் நம்முடையது. அந்தச் சேதி இங்கே எப்படிக் கொண்டாடப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 59 சதவீதம் என்ற எண் இன்னமும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. 1988-க்குப் பிறகு நடந்ததை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. அதையும் சேர்த்துப் படித்தால்தான், ஒரு மூலிகை சோதனைக்கூடத்துக்குள் போய் மருந்தாக வெளியே வருவது எவ்வளவு நீண்ட காரியம் என்று விளங்கும்.

சென்னையும் ஃபிலடெல்ஃபியாவும்

ஆய்வை முன்னின்று நடத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். கட்டுரையில் இடம்பெற்ற இன்னொரு பெயர் பரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி வைரஸை உலகம் அடையாளம் காண வழிசெய்து, 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர். அந்த வைரஸுக்கு முதல் தடுப்பூசியை வடிவமைத்தவர்கள் அவரும் இர்விங் மில்மனும்தான். அதே இருவர், வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, கீழாநெல்லிச் சாறு வைரஸின் நொதி ஒன்றை அடக்குகிறது என்று ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1987-இல் எழுதினார்கள். நம் மூலிகையை மேல்நாட்டான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். தடுப்பூசி கண்டுபிடித்தவர்களே மதித்து எடுத்துப் பார்த்த செடி இது.

செடி எது?

குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 1987 கட்டுரையில் செடியின் பெயர் ஃபிலாந்தஸ் நிரூரி. 1988-இல் அது ஃபிலாந்தஸ் அமாரஸ். தாவரவியலாளர்கள் கணக்கில் நிரூரி அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் வரப்போரம் முளைப்பது அமாரஸ். இலையடியில் வரிசையாகக் காய் கோத்திருக்கும் செடிகள் இந்தச் சாதியில் பல உண்டு. தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கி, உருவத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. முக்கால்வாசிக் கடைகளில் அமாரஸ் இருந்தது. மிச்சக் கால்வாசியில் இருந்தவை அதன் பங்காளிகளான வேறு ஐந்து இனங்கள்.

அதனால்தான் ஒழுங்கான சோதனைக்கூடம் முதலில் சாறு எடுப்பதில்லை. வேர், பூ, காயோடு ஒரு செடியை அழுத்தி உலர்த்தி, எந்த ஊரில் எந்த மாதம் பறித்தது என்று எழுதி, எண் போட்டு ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்த எண் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஆள்மாறாட்டம் வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயம் வீடு வீடாகக் கொதித்தது. சீந்தில் சாப்பிட்டு வந்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப்போன்ற வேறு கொடியா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அது கொதிக்க வைக்கும் முன்பு கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சாறு என்றால் எந்தச் சாறு?

நிழலில் உலர்த்திப் பொடித்த செடியைத் தண்ணீரில் போட்டால் ஒரு கூட்டம் பொருள்கள் இறங்கும். எத்தனாலில் வேறு கூட்டம். ஹெக்சேனில் எண்ணெய்ப் பசையுள்ளவை மட்டும். சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவி, ஆவியாகிக் குளிர்ந்த கரைப்பானைப் பொடியின் மேல் திரும்பத் திரும்பச் சொட்டவிடும். ஒரே காபித் தூளில் மறுபடி மறுபடி டிகாஷன் இறக்குவதைப் போல. பிறகு கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால் அடியில் தங்கும் கரும்பச்சைப் பசைதான் ஆய்வாளர்கள் சொல்லும் சாறு.

கீழாநெல்லியில் ஃபிலாந்தின், ஹைப்போஃபிலாந்தின் என்று ஒரு வகை. இவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. ஜெரானின், கொரிலாஜின் போன்ற துவர்ப்புள்ள டானின்கள் இன்னொரு வகை. இவை தண்ணீரில் நன்றாக இறங்கும். ஆக, அம்மா மோரில் அரைத்துக் கலக்கியது ஒன்று, கடை மாத்திரை வேறு, சோதனைக் குழாயில் வென்ற சாறு மூன்றாவது. ‘கீழாநெல்லி’ என்ற ஒரே பெயரில் மூன்றையும் பேசிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு தவணைச் சாற்றிலும் அளந்து எழுதாவிட்டால், இன்று கிடைத்த முடிவை நாளைக்கு அதே ஆளாலும் திரும்பக் காட்ட முடியாது.

தட்டில் செத்த செல்

சாறு கையில் வந்ததும் நடப்பவை பெரும்பாலும் மலிவான, வேகமான சோதனைகள். டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டு, நிறம் வெளுத்தால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பார்கள். துவர்ப்புள்ள எந்தச் செடியும் இதில் தேறிவிடும். காலையில் குடிக்கும் டீயும் தேறும். அகர் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, சாற்றில் நனைத்த காகிதத் துண்டை நடுவில் வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் கிருமி வளரவில்லை என்று அளப்பது இன்னொன்று. கல்லீரல் கட்டியிலிருந்து வளர்த்த ஹெப்-ஜி2 செல்களின் மேல் சாற்றை ஊற்றி, எத்தனை செத்தன என்று எண்ணுவது மூன்றாவது. ‘புற்றுநோயை அழிக்கும் மூலிகை’ என்ற தலைப்புகள் அநேகமாக இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தட்டில் உள்ள செல்லை சோப்புத் தண்ணீரும் கொல்லும். அதே அளவில் நல்ல செல் பிழைக்கிறதா, அந்த அளவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதா என்ற இரண்டுக்கும் பதில் இல்லாதவரை தட்டில் செத்த செல்லுக்கு மருத்துவ மதிப்பு குறைவு.

டானின்கள் தனித் தலைவலி. அவை கிடைத்த புரதத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சோதனைக் குழாய்க்குள் எந்த நொதியைக் கொண்டுபோய் வைத்தாலும் அதை அடக்கிவிட்டதைப் போல ஒரு தோற்றம் காட்டும். ஆனால் நாம் விழுங்கும் ஜெரானின் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இந்த வகை டானின்களை உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும். குழாயில் வேலை செய்தது ஒன்று, ரத்தத்துக்கு வந்து சேருவது இன்னொன்று. மஞ்சளின் குர்குமினுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சோதனைகளில் அது காட்டும் பலன்களில் பல அதன் ரசாயனக் குணத்தால் வரும் ஏமாற்றுத் தோற்றம் என்று மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எழுதினார்கள்.

வுட்சக், வாத்து, மனிதர்

குழாய்ச் சோதனையை அடுத்து பிளம்பர்க் குழு வுட்சக்குகளிடம் போனது. வளை தோண்டி வாழும் வட அமெரிக்கக் கொறிணி அது. ஹெபடைடிஸ் பி-யின் நெருங்கிய உறவான வைரஸ் அதற்கு இயற்கையாகவே வரும். சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அண்மையில் தொற்றிய விலங்குகளில் நல்ல பலன் தெரிந்தது. ஊசி என்பதைக் கவனியுங்கள்: குடல் என்ற சோதனைச்சாவடியைச் சாறு கடக்கவே இல்லை. இதே குடும்ப வைரஸ் உள்ள வாத்துகளில் வேறு குழுக்கள் முயன்றபோது வைரஸ் அசையவில்லை.

அதன்பின் மனிதர்கள். சென்னை முடிவைத் தாய்லாந்தில் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990-இலேயே ‘லான்செட்’டில் தோல்வி என்று எழுதினார்கள். நியூசிலாந்தில் நடந்த சோதனையிலும் பலன் இல்லை. 2011-இல் காக்ரேன் என்ற பன்னாட்டு மதிப்பாய்வு அமைப்பு, இந்தச் சாதிச் செடிகளை வைத்து நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு நடந்த 16 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. பெரும்பாலானவை நடத்திய விதத்திலேயே பிழைக்கு இடம் இருந்தது. மருந்தில்லாத மாத்திரையைவிட மேல் என்று சொல்ல நம்பத்தக்க சான்று இல்லை என்று அது முடித்தது.

சென்னையில் மட்டும் 22 பேருக்கு எப்படி? இனம் வேறா, மண் வேறா, அறுவடை மாதம் வேறா என்று பலரும் காரணம் தேடினார்கள். ஒரு சின்ன ஆய்வில் இரண்டு குழுக்களும் 37, 23 என்று சமமில்லாமல் நிற்பதையும் மறக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு. நாள்பட்ட தொற்றில் அந்த மேலுறைப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான். இன்று தரப்படும் டெனோஃபோவிர் வைரஸை அடக்கி வைக்குமே தவிர, அந்தப் புரதத்தை அரிதாகத்தான் விரட்டுகிறது. ஒரே மாதத்தில் 59 சதவீதம் என்ற முடிவு அவ்வளவு பெரியது என்பதாலேயே அதை மறுபடி செய்து பார்க்க வேண்டியிருந்தது. கீழாநெல்லியை ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சை எழுதியது, முதல் தாளில் அபார மதிப்பெண், அடுத்த தாள்களில் தேறவில்லை. பதிவு அவ்வளவுதான்.

பிறகு ஏன் பலன் தெரிகிறது?

காமாலைக்குக் குடித்துக் குணமானவர்கள் பொய் சொல்லவில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். வயது வந்தவருக்குப் புதிதாகத் தொற்றிய பி வைரஸையும் நூற்றில் 95 பேர் உடம்பு தானே வெளியேற்றிவிடுகிறது. இந்த வாரங்களில் யார் எதைக் குடித்தாலும் பேர் அதற்கே போகும். ஒப்பிட ஒரு வெறும்பொடிக் குழு இல்லாத ஆய்வு எதையும் நிறுவாது என்பது இதனால்தான்.

பிரசவத்தில் தாயிடமிருந்து பி வைரஸ் தொற்றிய குழந்தைகளின் கதை நேர்மாறு. பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கும். கண் மஞ்சளாகாது, பசி குறையாது. பல ஆண்டு கழித்துக் கல்லீரல் சுருங்கியோ கட்டியாகியோ வெளிப்படும்.

தேடியது சர்க்கரை மருந்து

சோதனைக்கூடம் நம் நம்பிக்கையைக் கவிழ்த்துவிட்டு, வேறொன்றை மடியில் போட்ட கதையும் உண்டு. ஜமைக்காவில் நித்தியகல்யாணி இலைத் தேநீரைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். 1950-களில் அந்த இலை கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தது. வாய்வழி கொடுத்தால் எலிக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் செலுத்தினால் சில நாளில் எலிகள் கிருமித் தொற்றால் செத்தன. காரணம் தேடியபோது வெள்ளணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார்கள். சார்லஸ் பீர் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடிப்படை மருந்து. நம் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி இதற்கென்றே பயிராகிறது.

சர்க்கரைக்கென்று அதன் பூவைத் தினமும் மெல்லுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். மஜ்ஜையை ஒடுக்கும் மருந்து பிறந்த செடி அது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் கேட்க வேண்டியவை

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று டப்பாவில் கண்டால், குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று கேளுங்கள். மனிதரில் என்றால் எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, வேறு ஊரில் யாராவது திரும்பச் செய்தார்களா? இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டிப் பதிய சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. யாரும் தேடிப் பார்க்கலாம். உலோகச் சோதனை அறிக்கையையும் கேட்கலாம். மூலிகைப் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, பாதரசம் 1 பங்கு தாண்டக் கூடாது என்பது ஆயுஷ் வரம்பு.

கண் மஞ்சளானால்

காமாலை என்பது அறிகுறி. வைரஸ், எலிக்காய்ச்சல், மது, மாத்திரை, பித்தப்பைக் கல், கணையக் கட்டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மலம் வெளுத்து உடம்பு அரித்தால் பித்தநாளம் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் கீரையும் கல்லை நகர்த்தாது. குழப்பமான பேச்சு, விடாத தூக்கம், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. ஹெபடைடிஸ் இ அவர்களுக்கு உயிராபத்தானது.

ரத்தச் சோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற வரியையும் (பி வைரஸின் அந்த மேலுறைப் புரதம்தான்) சேர்க்கச் சொல்லுங்கள். அது பாசிட்டிவ் என்றால் வீட்டில் எல்லோரும் சோதித்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட வேண்டும்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதம் மூன்றாவது. அத்தகைய தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. ஹெபடைடிஸுக்கென்று 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மூலிகை தொடங்கிவிட்டோம் என்று டெனோஃபோவிரைத் தன்னிச்சையாக நிறுத்தினால் வைரஸ் திடீரென்று சீறிக் கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

கீழாநெல்லியோ வேறெதுவோ குடிக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எங்கே வாங்கியது, பொடியா கஷாயமா, எத்தனை நாளாக என்பதைச் சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.