கெடு முடிந்த பின்னும் விடாத ஒப்பந்தம்

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, மூட்டைப் பூட்டும் வித்தை ஆகிய யாவற்றையும் ஒரே கூண்டுக்குள் அனுமதிக்கிற, இளைஞர்கள் எம்.எம்.ஏ. என்று சுருக்கமாக வழங்குகிற கலப்புச் சண்டைப் போட்டி, 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ.எஃப்.சி. என்ற பெயரில் இன்றைய உருவத்தை அடையத் தொடங்கி, 2012-ல் சூப்பர் ஃபைட் லீக் மூலமாக மும்பைக்கு வந்து, 2024-ல் உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் யூ.எஃப்.சி. மேடையில் ஜயித்த முதல் இந்தியப் பெண்மணி என்ற கியாதியைப் பெற்ற பிறகு, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் கூட ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. கைப்பேசியில் அந்தச் சண்டைகளைப் பார்க்கிறவர்களுக்கு யார் யாரை எந்தச் சுற்றில் வீழ்த்தினார் என்பது மனப்பாடம். ஆனால் அந்த வீரர்களிற் சிலர் தங்கள் வயதின் சிறந்த நாட்களைக் கூண்டுக்குள் அல்லாமல் கோர்ட்டு வாசலில் கழித்தார்கள் என்பதும், அதற்குக் காரணம் அவர்களே கையெழுத்திட்ட காகிதம் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

விஷயம் இதுதான். குத்துச்சண்டையில் பட்டம் கொடுக்கிற சபை வேறு, போட்டியை நடத்துகிற முதலாளி வேறு. தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களை முதலாளிகளின் நிர்ப்பந்தத்திலிருந்து காப்பதற்கென்று 2000-ல் முகம்மது அலியின் பெயரால் அமெரிக்காவில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கலப்புச் சண்டைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இங்கே போட்டியை நடத்துகிற கம்பெனியே பட்டத்தையும் தருகிறது, வரிசை எண்ணையும் தருகிறது, எதிராளியையும் நிர்ணயிக்கிறது. ஆகையால் ஒரு வீரர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போவது என்பது தன் பட்டத்தையும் பெயரையும் ஓரளவு பின்னால் விட்டுவிட்டுப் போவதே ஆகும். அவர் அப்படிப் போகாமலிருக்க ஒப்பந்தத்தில் பலவிதமான கண்ணிகள் வைக்கப்படுகின்றன. பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானே நீளும் என்பது ஒன்று. காயத்தினாலோ மறுப்பினாலோ சண்டையிடாத மாதங்கள் கெடுவோடு சேர்ந்துகொள்ளும் என்பது மற்றொன்று. இவற்றையெல்லாம்விடச் சூட்சுமமானது, கெடு முடிந்து வேறு கம்பெனி ஒரு தொகை சொன்னால், அதைப் பழைய கம்பெனியிடம் முதலில் காட்ட வேண்டும், அவர்கள் அதே தொகையைத் தர முன்வந்தால் அவர்களிடமே இருந்துவிட வேண்டும் என்கிற நிபந்தனை.

இந்தக் கடைசி நிபந்தனை என்ன செய்யும் என்பதை எடி ஆல்வரஸ் என்ற வீரரின் வியவகாரம் தெளிவாகக் காட்டுகிறது. பெல்லட்டர் என்ற கம்பெனியின் பழைய சாம்பியனான அவருடைய ஒப்பந்தம் 2012-ன் இறுதியில் முடிந்தபோது, யூ.எஃப்.சி. அவருக்குக் கையெழுத்துப் பணமாக 2,50,000 டாலரும், சண்டைக்கு 70,000 டாலரும், வென்றால் மேலும் அத்தனையும், கட்டணத் தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கும் தருவதாகச் சொல்லிற்று. பெல்லட்டர் அதே ஷரத்துகளை எழுதி, கம்பெனியின் பெயரை மட்டும் மாற்றி, ‘நாங்களும் தருகிறோம், ஆகவே நீர் எங்களவர்’ என்று சாதித்தது. பங்கு என்று எழுதுவது எளிது. ஆனால் கட்டணத் தொலைக்காட்சியில் வருஷந்தோறும் பல போட்டிகளை விற்கிற கம்பெனியின் பங்கும், அந்த வியாபாரத்தில் இன்னும் காலூன்றாத கம்பெனியின் பங்கும் ஒன்றாகுமா என்பது ஆல்வரஸின் வாதம். நியாயமான வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் அவர் கேட்ட இடைக்கால உத்தரவை நியூஜெர்சியின் ஃபெடரல் நீதிமன்றம் 2013 ஜனவரியில் மறுத்துவிட்டது. ஆகஸ்டில் சமரசம் ஆயிற்று. 2012 அக்டோபரில் சண்டையிட்டவர் மறுபடி கூண்டுக்குள் வந்தது 2013 நவம்பரில்தான், அதுவும் பெல்லட்டரின் கூண்டுக்குள்ளேதான். பின்னர் விடுவிக்கப்பட்டு, யூ.எஃப்.சி.யில் சேர்ந்து, 2016 ஜூலையில் அங்கேயும் சாம்பியனானார் என்பது அவருடைய திறமைக்குச் சான்றே தவிர, இழந்த அந்த வருஷத்துக்கு ஈடாகாது.

இதே பெல்லட்டர், குவின்டன் ஜாக்ஸன் என்பவர் 2015-ல் யூ.எஃப்.சி.க்குத் திரும்பியபோது தடையுத்தரவு வாங்கிற்று. மேல்கோர்ட்டு அதை நீக்கியது சண்டைக்கு நான்கு நாட்களுக்கு முன்புதான். இனி, பெரிய கம்பெனிதான் எப்போதும் பாதிக்கப்பட்ட வீரனுக்குப் புகலிடம் என்று எண்ணிவிட வேண்டாம். யூ.எஃப்.சி.யின் நீண்ட ஒப்பந்தங்கள் போட்டியாளர்களை நசுக்கி வீரர்களின் கூலியைத் தாழ்த்தின என்று கங் லே முதலான வீரர்கள் 2014 டிசம்பரில் தொடுத்த வழக்கில், கம்பெனி கொடுக்க முன்வந்த 33.5 கோடி டாலரை 2024-ல் நீதிபதி போதாதென்று நிராகரிக்க, பிறகு 37.5 கோடி டாலர் என்று ஏற்பட்ட சமரசம் 2025 பிப்ரவரியில்தான் இறுதியாக அங்கீகரிக்கப்பட்டது.

நம் தேசத்தில் இத்தகைய நிபந்தனையின் கதி என்ன? சண்டை வீரருக்கு அல்ல, ஒரு கிரிக்கெட் வீரருக்கு நேர்ந்த வழக்கிலேயே அதற்கு விடை கிடைத்திருக்கிறது. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் 2000-ல் பெர்சப்ட் டி’மார்க் என்ற கம்பெனியுடன் தம் விளம்பர வருமானங்களைக் கவனிக்க மூன்று வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டார். கெடு முடிந்த பின் வேறு யார் அழைத்தாலும் அந்த விவரங்களைத் தங்களுக்கு அறிவித்து, அதற்கு ஈடுகொடுக்கத் தங்களுக்குச் சந்தர்ப்பம் தர வேண்டும் என்ற ஷரத்து அதில் இருந்தது. ஆல்வரஸைக் கட்டிய கயிறும் அதே நூலில் திரித்ததுதான். 2003-ல் ஜாகீர் கான் குளோபோஸ்போர்ட் என்ற கம்பெனிக்குப் போனார். பம்பாய் ஹைகோர்ட்டின் தனி நீதிபதி தடை விதிக்க, இரு நீதிபதிகள் அதை ரத்து செய்ய, வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2006 மார்ச்சில் வந்த தீர்ப்பு ஜாகீர் கானுக்கு அநுகூலமாக அமைந்தது. அதை எழுதியவர் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், பிற்காலத்தில் முல்லைப் பெரியாறு உயர்மட்டக் குழுவில் தமிழ்நாட்டின் பிரதிநிதியாக இருந்தவர் என்பதால், குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரத்துப் பத்திரிகை வாசகர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு சந்தர்ப்பத்தில் பரிச்சயமானதே.

தீர்ப்பின் ஆதாரம் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. சட்ட விரோதமல்லாத எந்தத் தொழிலையும் ஒருவன் செய்யாதபடி தடுக்கிற உடன்படிக்கை, தடுக்கிற அளவுக்குச் செல்லாது என்பது அதன் சாரம். இங்கிலாந்திலே தடை நியாயமானதா, அளவானதா என்று ஆராய்வார்கள். இந்தியாவில், கெடு முடிந்த பிறகு தொடர்கிற தடை என்றால், அளவு பார்க்கும் பேச்சே இல்லை. சட்டம் பிறந்து சில வருஷங்களுக்குள்ளேயே, 1876-ல், வேலையை விட்டபின் சென்னைக்கு 800 மைல் சுற்றளவில் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கிய ஓக்ஸ் கம்பெனியின் ஒப்பந்தத்தைச் சென்னை ஹைகோர்ட்டு செல்லாதென்று தள்ளிவிட்டது.

இதைப் படித்து உற்சாகமடைந்து கையெழுத்துப் போட்டுவிடலாகாது. கெடுவுக்குள் நடப்பது வேறு விஷயம். 1852-ல் லண்டனில் யோஹன்னா வாக்னர் என்ற பாடகி, ஒரு நாடகசாலைக்கு மூன்று மாதம் பாட ஒப்புக்கொண்டு, அதிகப் பணத்துக்காகப் போட்டி நாடகசாலைக்குப் போகப் பார்த்தபோது, ‘உன்னைப் பாடும்படி நாம் உத்தரவிட முடியாது, ஆனால் வேறிடத்தில் பாடாதே என்று உத்தரவிட முடியும்’ என்ற கருத்தில் நீதிமன்றம் தடை விதித்தது. நம் நாட்டிலும், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு ஆலையில் சேர்ந்து, பயிற்சி பெற்று, இரண்டாம் வருஷத்திலேயே போட்டி ஆலைக்குச் சென்ற கோலிகரி என்பவரைக் கெடு முடியும்வரை தடுத்தது சரியே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே கெடு எத்தனை வருஷம், எத்தனை சண்டை, அது எப்போது தானாக நீளும் என்பவையே முக்கியமான கேள்விகள். பணத் தொகை அதற்கு அடுத்தபடிதான். வெளிநாட்டுக் கம்பெனியானால், தகராறு அந்நாட்டுச் சட்டப்படி, அந்நாட்டு மத்தியஸ்தர் முன்னிலையில் தீர்க்கப்படும் என்ற ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால் 27-வது பிரிவின் பாதுகாப்பைத் தேடுவதே ஒரு தனி வழக்காகிவிடும்.

முன்பணமும் ஒரு பிடிதான் என்பதைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கழிக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றமாகவே கருதப்பட்ட காலம் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் அதற்கு 1859-ல் சட்டம் இயற்றி, 1925-ல்தான் நீக்கினார்கள். இலங்கைத் தோட்டங்களில், கடன் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கட்டச் சம்மதிக்கிற தோட்டத்துக்கே தொழிலாளி மாறலாம் என்ற வழக்கம் 1921 வரை இருந்தது. ஒரு வீரனுக்குப் பயிற்சிச் செலவு, உணவு, பிரயாணம் என்று கொடுத்து, அதைத் திருப்பித் தராமல் வேறிடம் போகலாகாது என்று எழுதி வாங்குகிற மேலாளர் அந்தக் கங்காணியின் அந்தஸ்தைத்தான் விரும்புகிறார். செலவழித்தவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் கடன் என்பது பணத்தால் தீர்க்க வேண்டிய விஷயமே ஒழிய, ஒருவனுடைய வாலிபத்தைப் பணயமாக வைத்துக்கொள்வதற்கு அது நியாயமாகாது.

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே பிரிவி கௌன்ஸில் தீர்த்திருக்கிறது. ஆகையால் பையன்களிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் தகப்பனாரையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அப்படி உட்காருகிற பெற்றோர், இங்கிலீஷில் உள்ள பத்திரத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ வரிக்கு வரி படித்துச் சொல்லும்படி கேட்கத் தயங்க வேண்டாம். சித்தூர், தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் சட்ட உதவிக் குழுக்கள் இருக்கின்றன. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் எதுவாயினும் இலவச ஆலோசனை தர 1987-ம் வருஷத்துச் சட்டம் வழி செய்கிறது. பத்திரத்தைக் கையெழுத்திடுவதற்கு முன்பே அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.