மனநல மாத்திரையை நீங்களே நிறுத்தலாமா?

வீடு தீர்த்தமலையில, வேலை பெங்களூருல, டாக்டரும் அங்கேதான். ஊருக்கு வந்து ஒரு மாசம் தங்கினால், 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை விட்டுவிடத் தோன்றும்.

அங்கேதான் சிக்கல். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் டோஸைப் படிப்படியாகத்தான் குறைக்கணும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். லித்தியம் என்றால் இன்னும் கவனம். ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் நாமே வாங்கும் இபுபுரூஃபன்கூட லித்தியம் அளவை ஏற்றிவிடும்!

சரி, யாரைக் கேட்பது? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எப்போது வருவார் என்று அரூர் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அலைச்சல் மிச்சமாகலாம். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பழைய சீட்டு, மாத்திரை அட்டை இரண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.